காப்பவரைக் காப்பது யார்?

1962-ம் ஆண்டு செப்டம்பர் 4-ம் தேதி. இந்தோனேசியத் தலைநகர் ஜகார்த்தாவில் ஆசிய விளையாட்டுப் போட்டியின் கால்பந்து இறுதி ஆட்டம். எதிரணி, தொடக்கச் சுற்றில் இந்தியாவை 2-0 என்று வீழ்த்தியிருந்த தென் கொரியா. இஸ்ரேலையும் தைவானையும் போட்டியில் சேர்க்காததற்கு இந்திய விளையாட்டு நிர்வாகி ஜி.டி. சோந்தி ஆட்சேபம் தெரிவித்திருந்ததால், அரங்கம் முழுவதும் இந்தியாவுக்கு எதிரான கூச்சல். முந்தைய நாள் இந்தியத் தூதரகமே தாக்குதலுக்கு உள்ளாகியிருந்தது. இத்தகைய சூழலில், தலையில் தையல்களுடன் களமிறங்கினார் 26 வயது வீரர் ஒருவர். அவர்தான் ஜர்னைல் சிங்.

அவர் பின்களத்தில் நின்று எதிரணியைத் தடுப்பவர். தாய்லாந்துக்கு எதிரான ஆட்டத்தில் தலையில் பலத்த காயம்பட்டதால், பின்களத்தில் மோதி ஆடுவது ஆபத்தாக இருந்தது. பயிற்சியாளர் சையத் அப்துல் ரஹீம் துணிந்து ஒரு முடிவெடுத்தார். இளமையில் முன்களத்திலும் ஆடிப் பழகியிருந்த ஜர்னைல் சிங்கை, தாக்கும் வரிசைக்கு மாற்றினார். தெற்கு வியட்நாமுக்கு எதிரான அரையிறுதியில் அவர் ஒரு கோல் அடித்தார். இறுதி ஆட்டத்தில் 17-வது நிமிடத்தில் பி.கே. பானர்ஜி அடித்த கோலைத் தொடர்ந்து, 20-வது நிமிடத்தில் மீண்டும் ஜர்னைல் சிங் கோல் அடித்தார். இந்தியா 2-1 என்ற கணக்கில் தங்கம் வென்றது. ஆசிய விளையாட்டுக் கால்பந்தில் இந்தியா அதன்பின் இன்றுவரை தங்கம் வெல்லவில்லை.

வாழ்நாள் முழுவதும் கோல்களைத் தடுத்தவரை, அவர் அடித்த இரண்டு கோல்களுக்காகவே நாடு அதிகம் நினைவில் வைத்திருக்கிறது. தடுப்பாட்ட வீரரின் தலைவிதி இதுதான் என்று ரசிகர்கள் அங்கலாய்ப்பதுண்டு. கோல் அடித்தவரின் பெயர் மறுநாள் செய்தித்தாளில் வருகிறது. கோல் விழாமல் பார்த்துக்கொண்டவரின் பெயர் வருவதில்லை. அவர் 89 நிமிடங்கள் பிழையின்றி ஆடி, ஒரு நிமிடம் தடுமாறினால், அந்த ஒரு நிமிடம்தான் பேசப்படுகிறது.

இந்த ஆதங்கத்தில் உண்மை உண்டு. ஆனால், தடுப்பாட்ட வீரர்களை இந்தியா கௌரவிக்கவில்லை என்று சொல்ல முடியாது. பத்மஸ்ரீ விருது பெற்ற முதல் கால்பந்து வீரரே, மோகன் பகானின் பின்களத்தைப் பல்லாண்டுகள் காத்த கோஷ்டோ பால்தான். 1962-ல் அவருக்கு அந்த விருது வழங்கப்பட்டது. 1971-ல் பத்மஸ்ரீ பெற்ற சைலேன் மன்னாவும் பின்கள வீரரே. ஜர்னைல் சிங்குக்கு 1964-ல் அர்ஜுனா விருது கிடைத்தது. விருதுகளில் குறையில்லை. தடுப்பாட்ட வீரரின் உடலுக்கும் பிழைப்புக்கும் உள்ள பாதுகாப்பில்தான் குறை இருக்கிறது. அரை நூற்றாண்டுக்கு முன் ஓரளவு இருந்த அந்தப் பாதுகாப்பு, கால்பந்து முழுநேரத் தொழிலாக மாறிய பிறகு தேய்ந்துவிட்டது என்பதே கவலைக்குரியது.

ஜர்னைல் சிங்கின் வாழ்க்கையையே எடுத்துக்கொள்வோம். 1936-ல், இன்று பாகிஸ்தானில் உள்ள லயல்பூர் பகுதியில் பிறந்தவர் அவர். தேசப் பிரிவினையின்போது குடும்பம் ஊரைவிட்டுப் பெயர்ந்து, பஞ்சாபின் ஹோஷியார்பூர் மாவட்டத்தில் உள்ள பனாம் கிராமத்தில் குடியேறியது. மாஹில்பூர் கால்சா கல்லூரியில் கால்பந்து ஆடத் தொடங்கிய அவர், அன்று இந்தியக் கால்பந்தின் தலைநகராக விளங்கிய கொல்கத்தாவுக்குச் சென்றார். முதலில் ராஜஸ்தான் கிளப்; பிறகு 1959 முதல் ஏறத்தாழ பத்தாண்டுகள் மோகன் பகான். தில்லியில் நடைபெற்றுவந்த டுராண்ட் கோப்பையை அந்த அணி 1963, 1964, 1965 என மூன்று ஆண்டுகள் தொடர்ந்து வென்றது. 1960 ரோம் ஒலிம்பிக்கிலும், இந்தியா இரண்டாமிடம் பெற்ற 1964 ஆசியக் கோப்பையிலும் அவர் ஆடினார். பின்னர் இந்திய அணியின் கேப்டனாகவும் உயர்ந்தார்.

ஆட்டம் முடிந்த பிறகு அவர் பஞ்சாபுக்குத் திரும்பி, மாநில அரசின் விளையாட்டுத் துறையில் உயர் பொறுப்புகளை வகித்தார். 2000-ம் ஆண்டு அக்டோபரில் கனடாவில் காலமானார். காயங்கள் நிறைந்த ஒரு விளையாட்டு வாழ்க்கைக்குப் பிறகு அவருக்கு ஓர் அலுவலகமும் மாதச் சம்பளமும் அடுத்த தலைமுறைக்குக் கற்றுக்கொடுக்கும் வாய்ப்பும் இருந்தன என்பதை இங்கே கவனிக்க வேண்டும்.

சைலேன் மன்னாவின் கதையும் இதைப் போன்றதுதான். 1948 லண்டன் ஒலிம்பிக்கில் இந்திய வீரர்களில் பெரும்பாலோர் வெறுங்காலுடன் ஆடி, பிரான்ஸிடம் 2-1 என்று தோற்ற ஆட்டத்தில் அவரும் இருந்தார். அன்று கிடைத்த பெனால்டி வாய்ப்பு ஒன்றை அவர் தவறவிட்டார். மூன்றாண்டுகளுக்குப் பிறகு, 1951-ல் தில்லி தேசிய விளையாட்டரங்கில் நடந்த முதல் ஆசிய விளையாட்டுப் போட்டியில், இறுதி ஆட்டத்தில் ஈரானை 1-0 என்று வென்று தங்கம் பெற்ற இந்திய அணிக்கு அவரே கேப்டன். அந்த ஒரே கோலை அடித்தவர் மேவாலால். அந்த ஒரு கோல் போதுமானதாக இருந்ததற்குக் காரணம் மன்னாவின் பின்களம். மறு ஆண்டே ஹெல்சிங்கியில் யுகோஸ்லாவியாவிடம் 10-1 என்ற கணக்கில் தோற்ற அணிக்கும் அவர்தான் கேப்டன். ஏற்றத்தையும் இறக்கத்தையும் ஒருசேரக் கண்ட அவர், இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையில் பணியாற்றியபடியே கால்பந்து ஆடினார். 2012-ல் தமது 87-வது வயதில் மறைந்தார்.

அந்தக் காலத்தைப் பொற்காலமாக வர்ணிக்க வேண்டியதில்லை. காயத்துக்கு முறையான சிகிச்சை இல்லை. காலணிக்கே வழியில்லாத வீரர்கள் இருந்தனர். ஆட்டத்துக்கென்று கிடைத்த பணமும் சொற்பம். ஆயினும் ரயில்வே, காவல் துறை, ராணுவம், பொதுத்துறை வங்கிகள், அரசு அலுவலகங்கள் ஆகியவை வீரர்களுக்கு வேலை தந்தன. முழங்கால் முறிந்தால் ஆட்டம் நின்றுவிடும், சம்பளம் நிற்காது. இந்தியக் கால்பந்தின் முதுகெலும்பாக இருந்தது இந்த ஏற்பாடுதான். ஆட்டத்தின் தரத்தை உயர்த்த அது போதவில்லை என்பது வேறு விஷயம்.

தரத்தை உயர்த்தும் நோக்கத்துடன்தான் 1996-ல் தேசிய கால்பந்து லீக் தொடங்கப்பட்டது. முதல் பட்டத்தை வென்றது பஞ்சாபின் பக்வாராவைச் சேர்ந்த ஜே.சி.டி. மில்ஸ் அணி. 2007-ல் அது ஐ-லீக் என்ற புது வடிவம் பெற்றது. ஆனால், 2010-ல் மும்பையின் மஹிந்திரா யுனைடெட் கலைக்கப்பட்டது. மறு ஆண்டே முதல் சாம்பியனான ஜே.சி.டி.யும் தனது அணியைக் கலைத்தது. ஆலையோ நிறுவனமோ கொடுத்த வேலையுடன் கால்பந்து ஆடும் காலம் முடிவுக்கு வருகிறது என்பதற்கு அவை அறிகுறிகள். 2014-ல் இந்திய சூப்பர் லீக் வந்தபோது, வேலைக்குப் பதிலாக ஒப்பந்தம் என்ற முறை முழுமையாக நிலைபெற்றது.

இந்த மாற்றத்தின் நன்மை தீமை இரண்டையும் ஒரே வாழ்க்கையில் காண வேண்டுமானால், சண்டீகரில் 1993-ல் பிறந்த சந்தேஷ் ஜிங்கனைப் பார்க்கலாம். சூப்பர் லீக்கின் முதல் பருவத்திலேயே கேரளா பிளாஸ்டர்ஸ் அணியின் பின்களத்தில் நின்று நாடறிந்தவர் ஆனார். மறு ஆண்டு இந்திய அணியில் இடம்பெற்றார். முந்தைய தலைமுறையினர் கனவிலும் காணாத ஊதியமும் பயிற்சி வசதிகளும் அவருடைய தலைமுறைக்குக் கிடைத்தன. இதை மறுப்பதற்கில்லை.

2019 செப்டம்பர் 10-ம் தேதி தோஹாவில், அந்த ஆண்டுதான் ஆசிய சாம்பியனாகியிருந்த கத்தாரை உலகக் கோப்பைத் தகுதிச் சுற்றில் இந்தியா சந்தித்தது. ஆட்டம் 0-0 என்று முடிந்தது. கோலே விழாத ஓர் ஆட்டத்தை நாடு கொண்டாடியது அபூர்வம். கோல் கீப்பர் குர்பிரீத் சிங் சாந்துவும், அவருக்கு முன்னால் நின்ற ஜிங்கன் உள்ளிட்ட பின்கள வீரர்களும் அன்று செய்த வேலையை, அத்துறையில் இந்தியர்கள் எட்டக்கூடிய உயரத்துக்குச் சான்றாகக் கொள்ளலாம். சரியாக ஒரு மாதத்துக்குள், அக்டோபர் 9-ம் தேதி குவாஹாட்டியில் நடந்த பயிற்சி ஆட்டத்தில் ஜிங்கனின் முழங்கால் தசைநார் கிழிந்தது. அந்தப் பருவம் முழுவதும் அவரால் ஆட முடியவில்லை.

2020 மே மாதத்தில் அவர் கேரள அணியிலிருந்து விலகினார். ஆகஸ்டில் அவருக்கு அர்ஜுனா விருது அறிவிக்கப்பட்டது. செப்டம்பரில்தான் கொல்கத்தா அணி ஒன்றில் சேர்ந்தார். அதாவது, நாட்டின் உயரிய விளையாட்டு விருதுகளில் ஒன்றைப் பெற்றபோது அவர் எந்த அணியுடனும் ஒப்பந்தத்தில் இல்லை. அவரைப் போன்ற நட்சத்திர வீரருக்கு அடுத்த ஒப்பந்தம் கிடைப்பதில் பெரிய சிரமம் இருக்கவில்லை. அதே காயம் பெயர் தெரியாத இருபது வயதுப் பின்கள வீரருக்கு ஏற்பட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதுதான் கேள்வி.

ஜிங்கன் மீண்டு வந்தார். 2021-ல் இந்தியாவின் சிறந்த கால்பந்து வீரராகத் தேர்வானார். அதே ஆண்டு குரோஷியாவின் ஷிபெனிக் அணியில் சேர்ந்து ஐரோப்பாவுக்குச் சென்றார். அங்கும் காயம் குறுக்கிட்டது. ஒரு போட்டி ஆட்டத்தில்கூட இறங்காமல் நாடு திரும்ப நேர்ந்தது. 2024 ஜனவரியில் ஆசியக் கோப்பையில் சிரியாவுக்கு எதிரான ஆட்டத்தில் மீண்டும் முழங்கால் காயம். பருவத்தின் எஞ்சிய பகுதி முழுவதும் வீணாயிற்று. 2025 செப்டம்பர் தொடக்கத்தில் தஜிகிஸ்தானில் ஈரானுக்கு எதிரான ஆட்டத்தில் கன்ன எலும்பு முறிந்தது. அக்டோபர் 9-ம் தேதி சிங்கப்பூருக்கு எதிராக மீண்டும் களத்தில் இருந்தார்.

ஜகார்த்தாவில் தலையில் தையலுடன் ஆடியவருக்கும், கன்ன எலும்பு முறிந்து ஒரு சில வாரங்களில் திரும்பி வந்தவருக்கும் இடையே அறுபது ஆண்டுகளுக்கு மேல் இடைவெளி. இருவரும் பஞ்சாப் மண்ணைச் சேர்ந்தவர்கள். இருவரின் துணிவும் ஒன்றுதான். அவர்களைச் சுற்றியிருந்த ஏற்பாடுகள்தான் வேறு. ஜிங்கன் நாட்டுக்காக ஆடிக் காயமுற்ற அந்த வாரத்தில், அவருடைய தொழிலுக்கு அடிப்படையான லீக் நடக்குமா என்பதே யாருக்கும் தெரியாமல் இருந்தது.

அகில இந்திய கால்பந்து சம்மேளனத்துக்கும் லீக்கை நடத்திய வணிக நிறுவனத்துக்கும் இடையிலான உரிமை ஒப்பந்தம் 2025 டிசம்பரில் முடிவடைய இருந்தது. அதைப் புதுப்பிப்பதில் தெளிவு ஏற்படாததால், 2025 ஜூலையில் லீக் நிறுத்திவைக்கப்பட்டது. ஊதியத்தை நிறுத்திவைக்கும் நிலைக்குச் சில கிளப்புகள் சென்றன. செப்டம்பரில் சம்மேளனத்தின் புதிய சட்டதிட்டங்களுக்கு உச்ச நீதிமன்றம் ஒப்புதல் அளித்தது. அதன் பிறகு கோரப்பட்ட ஏலத்தில் நவம்பர் வரை ஒருவர்கூடப் பங்கேற்கவில்லை. 2026 ஜனவரியில் வீரர்களே முன்வந்து உலகக் கால்பந்து அமைப்பான ஃபிஃபாவின் தலையீட்டைக் கோரினர். அதன் பின்னர்தான், பிப்ரவரி 14-ல் சுருக்கமான வடிவில் லீக் தொடங்கும் என்று மத்திய விளையாட்டுத் துறை அமைச்சர் அறிவித்தார். இதற்கிடையே 2027 ஆசியக் கோப்பைக்குத் தகுதி பெறும் வாய்ப்பையும் இந்தியா இழந்திருந்தது.

இத்தகைய நெருக்கடி எல்லா வீரர்களையும் பாதிக்கும் என்றாலும், பின்கள வீரர்களை அது தனி வகையில் தாக்குகிறது. கோல் அடிப்பவரின் மதிப்பு எண்ணிக்கையில் தெரியும். ஒரு பருவத்தில் பத்து கோல் என்றால் அடுத்த ஒப்பந்தத்துக்கு அதுவே பரிந்துரை. தடுப்பாட்ட வீரரின் மதிப்பு, தொடர்ந்து ஆடுவதிலும் சக வீரர்களுடன் பழகிப் புரிந்துகொள்வதிலும் இருக்கிறது. ஆறு மாதம் ஆட்டம் இல்லாவிட்டால் அது மங்கிவிடும். அதோடு, மோதல் நிறைந்த வேலை என்பதால் காயங்களும் அவரைத் தேடி வருகின்றன. லீக்கில் உள்ள வெளிநாட்டு வீரர்களுக்கான இடங்களைப் பெரும்பாலான கிளப்புகள் முன்களத்துக்கும் பின்களத்தின் நடுப்பகுதிக்கும்தான் செலவிடுகின்றன. ஓர் இந்தியப் பின்கள வீரர் தமது இடத்தை இழந்தால், அதைத் திரும்பப் பெறுவது எளிதன்று.

கோடிக்கணக்கில் சம்பாதிப்பவர்களுக்கு அரசு ஏன் கவலைப்பட வேண்டும் என்று சிலர் கேட்கலாம். கோடிகளை ஈட்டுபவர்கள் விரல்விட்டு எண்ணக்கூடியவர்களே. சிறு நகரங்களிலிருந்தும் கிராமங்களிலிருந்தும் பள்ளிப் படிப்பைப் பாதியில் விட்டு வந்து, இரண்டாம் நிலை லீக்குகளில் ஆண்டுக்காண்டு ஒப்பந்தத்தில் ஆடும் வீரர்களே பெரும்பான்மையினர். முப்பத்தைந்து வயதுக்குள் முடிந்துவிடும் தொழில் இது. வேறு எந்தத் தொழிலிலும் பணியிடத்தில் ஊழியருக்கு எலும்பு முறிந்தால் இழப்பீடு யார் பொறுப்பு என்று சட்டம் கேட்கும். ஆடுகளமும் பணியிடம்தான் என்பதை ஏற்றுக்கொண்டால், விவாதம் எளிதாகிவிடும்.

மத்திய அரசின் விளையாட்டு வீரர் ஓய்வூதியம், ஒலிம்பிக், ஆசிய விளையாட்டு போன்ற போட்டிகளில் பதக்கம் பெற்றோருக்கானது. ஆசிய விளையாட்டுக் கால்பந்தில் இந்திய ஆடவர் அணி கடைசியாகப் பதக்கம் வென்றது 1970 பாங்காக்கில்; அதுவும் வெண்கலம். அதற்குப் பிந்தைய எந்தத் தலைமுறைக் கால்பந்து வீரரும் இந்த வழியில் ஓய்வூதியம் பெற முடியாது. நலிந்த வீரர்களுக்கான பண்டித தீனதயாள் உபாத்யாய தேசிய நல நிதி ஒன்று உண்டு. ஆனால், வறுமையில் வீழ்ந்த பிறகு விண்ணப்பித்துப் பெறும் உதவி அது. வீழாமல் தடுப்பதற்கான ஏற்பாடு அன்று. தேசிய அணிக்காக ஆடும்போது காயமுறும் வீரரின் ஊதியத்துக்காக அவருடைய கிளப்புக்கு இழப்பீடு தரும் திட்டத்தை ஃபிஃபா 2012 முதல் நடத்திவருகிறது. பணம் போய்ச் சேர்வது கிளப்புக்கு; ஒப்பந்தம் முடிந்த பிறகும் வலியைச் சுமப்பது வீரர்.

2025-ல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய தேசிய விளையாட்டு நிர்வாகச் சட்டம், சம்மேளனங்களின் தேர்தல், நிர்வாகம், தகராறுகள் ஆகியவற்றை ஒழுங்குபடுத்த முனைகிறது. வரவேற்க வேண்டிய முயற்சி. ஆனால் யார் தலைவர், எத்தனை ஆண்டு பதவி என்பதோடு சீர்திருத்தம் நின்றுவிடக் கூடாது. லீக்கில் பங்கேற்கும் ஒவ்வொரு கிளப்பும், காயமுற்ற வீரரின் சிகிச்சைக்கும் மறுவாழ்வுக்கும், ஒப்பந்தக் காலம் முடிந்தாலும் அவர் குணமடையும் வரை பொறுப்பேற்க வேண்டும் என்பது உரிமத்துக்கான நிபந்தனையாக வேண்டும். லீக் நிறுத்தப்பட்டாலும் வீரர்களின் ஊதியம் குறிப்பிட்ட காலத்துக்குக் கிடைக்கும்படி வைப்புத்தொகை ஒன்று முன்கூட்டியே பெறப்பட வேண்டும். ஒளிபரப்பு வருவாயில் ஒரு சிறு பங்கை வீரர்களின் வருங்கால நிதிக்கு ஒதுக்கலாம். ஓய்வுபெறும் வீரர்களுக்குப் பயிற்சியாளர் படிப்புக்கான செலவைச் சம்மேளனம் ஏற்றால், ஜர்னைல் சிங் பஞ்சாபில் செய்த பணியை இன்னும் பலர் தத்தம் ஊர்களில் செய்வார்கள்.

இவை எதுவும் சலுகை அல்ல. பழைய முறையில் அரசும் பொதுத்துறையும் வேலை என்ற பெயரில் ஏற்றிருந்த பொறுப்பை, புதிய முறையில் யாரும் ஏற்கவில்லை. தொழில்முறைக் கால்பந்தின் வருமானத்தை ஏற்றுக்கொண்டவர்கள், அதன் கடமையையும் ஏற்றுக்கொள்ள வேண்டும் என்பதே கோரிக்கை.

ஜகார்த்தா ஆட்டம் நடந்து ஒரு வருடம் முடிவதற்குள், 1963 ஜூனில் பயிற்சியாளர் ரஹீம் புற்றுநோயால் இறந்தார். தலைக்காயத்துடன் இருந்த தமது தடுப்பாட்ட வீரரை வெளியே உட்காரவைத்திருந்தால் அவரை யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். காயத்தின் அபாயத்தைக் கணக்கிட்டு, அவருக்கு வேறோர் இடம் கண்டுபிடித்துக் கொடுத்தார் ரஹீம். அந்த வீரர் கோல் அடித்தார். நாடு தங்கம் பெற்றது. காயமுற்ற வீரரைக் கைவிடாமல் அவருக்கு ஓர் இடம் கண்டுபிடித்துத் தருவது இயலாத காரியமன்று என்பதற்கு இதைவிடச் சான்று தேவையில்லை. ஒரு பயிற்சியாளர் ஒரு வீரருக்குச் செய்ததை, ஒரு சம்மேளனமும் ஒரு லீக்கும் ஓர் அமைச்சகமும் சேர்ந்து எல்லா வீரர்களுக்கும் செய்ய முடியாதா?